டபுள் டீமையும் மினிமைசையும் தடை செய்யலாமா?

கேள்வி: 2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை

அண்ணா, கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த போக்கிமொன் காணொளி விளையாட்டில் என்னுடைய ஆறு போக்கிமொன்களும் ஒரேயொரு பிளிசியிடம் தோற்றுப்போயின. அது மூன்று முறை மினிமைஸ் என்ற மூவைப் போட்டுச் சுருங்கி, அடிகளிலிருந்து தப்பும் திறனை ஏற்றிக்கொண்டது. அதன் பின்பு நான் அடித்த பதினொரு அடிகளில் எட்டு அடிகள் தவறின. தான் என்னைவிடத் திறமையாக விளையாடவில்லை என்பதை எதிரே இருந்தவரே ஒப்புக்கொண்டார். அதிர்ஷ்டத்தை நம்பும் உத்திகள் அனைத்தையும் டிசம்பர் விடுமுறைப் போட்டிக்கு முன்பு தடை செய்ய வேண்டும் என்பது என்னுடைய வாதம். ரியூட்டரியில் கணக்குப் படிப்பிப்பவர் நீங்கள். விதியை நீங்களே எழுதினால் எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஓகஸ்ட் 9, இரவு 10 மணி

தம்பி, நான் உம்முடைய பக்கம்தான். அந்த ஆட்டத்தை உமக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் செய்த தெரிவுகளில் பிழையென்று சொல்லக்கூடியது ஒன்றுகூட இருக்கவில்லை. எக்ஸ், வை பதிப்புகள் வெளியான காலத்தில் நானும் ஓர் இணையப் போட்டியை கிளெஃப்கி என்ற சாவிக்கொத்திடம் இழந்திருக்கிறேன். அது பிராங்ஸ்டர் இயல்பினால் எல்லோருக்கும் முந்தி சுவாகர் போடும். என்னுடைய போக்கிமொனின் தாக்கும் வலு இரண்டு படி ஏறும். ஆனால் குழப்பத்தில் சரிபாதி தடவை அது தன்னையே அடித்துக்கொள்ளும். தப்பிப் பிழைத்தால், ஏறிய அதே வலுவை எடுத்துக்கொண்டு ஃபவுல் பிளே என்னைத் திருப்பி அடிக்கும். நான் செய்யக்கூடியது நாணயம் சுண்டுவது மட்டுமாகவே இருந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆகவே என்னுடைய முதல் வரைவு இது: மினிமைசைப் போலவே தப்பும் திறனை ஏற்றும் டபுள் டீம், மினிமைஸ், சுவாகர், ஒரே அடியில் வீழ்த்தும் ஃபிஷர், ஷீர் கோல்ட், ஹார்ன் டிரில், கில்லட்டின் ஆகிய நான்கு, கையில் வைத்திருக்கும் பொருள்களில் எதிரியின் குறியைக் குறைக்கும் பிரைட் பவுடர், சில வேளை முந்தி அடிக்க வைக்கும் குயிக் கிளோ, அடிபட்டவரைச் சில வேளை அதிர வைத்து அந்த முறையை இழக்கச் செய்யும் கிங்ஸ் ராக் ஆகியவை முற்றாகத் தடை. மூன்று தடவை டபுள் டீம் போட்டவரை எதிர்த்து அடிக்கும் ஐந்து அடிகளில் நான்கு தவறும் ஓர் ஆட்டத்தைப் போட்டி என்று அழைக்க என்னால் முடியாது.

ஓகஸ்ட் 10

நேற்று எழுதிய கணக்குப் பிழையானது, கோபத்தில் எழுதினேன். தப்பும் திறன் ஒவ்வொரு படி ஏறும்போதும் எதிரியின் குறி 3/(3+படி) என்ற விகிதத்தில் குறைகிறது. நூறு வீதம் குறி உள்ள ஓர் அடி, எதிரி ஒரு டபுள் டீம் போட்டபின் 75 வீதமாகவும், இரண்டின் பின் 60 ஆகவும், மூன்றின் பின் 50 ஆகவும், உச்சமான ஆறாவது படியில் ஏறத்தாழ 33 ஆகவும் இறங்குகிறது. எனவே மூன்று டபுள் டீமுக்குப் பின்பு தவறுவது சரிபாதி மட்டுமே. மினிமைஸ் வேறு: ஐந்தாம் தலைமுறைப் பதிப்புகளிலிருந்து அது ஒரே தடவையில் இரண்டு படி ஏற்றுகிறது. மூன்று முறையில் உச்சியைத் தொட்டுவிடலாம். உம்முடைய பதினொன்றில் மூன்று அடிகள் பட்டன. எதிர்பார்க்க வேண்டியதும் மூன்று அல்லது நான்குதான். அன்று உமக்கு அதிர்ஷ்டம் கெட்டிருக்கவில்லை. சராசரியாக நடக்க வேண்டியதுதான் நடந்தது. கணக்குப் பார்த்து முடித்தபோது இதுதான் என்னை அதிகம் வருத்தியது.

ஓகஸ்ட் 12

இரண்டு நாள்களாக ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. அதிர்ஷ்டத்தைத் தடை செய்வது என்று சொல்லிவிட்டோம். இந்த விளையாட்டில் அதிர்ஷ்டம் எங்கே இல்லை? ஒவ்வோர் அடியின் சேதமும் 85 முதல் 100 வீதம் வரையான பதினாறு எண்களில் ஒன்றால் பெருக்கப்படுகிறது. ஒவ்வோர் அடியும் பதினாறில் ஒரு தடவை கிரிட், அதாவது கடும் அடி, ஆகி ஒன்றரை மடங்கு சேதம் தருகிறது. ஸ்டோன் எட்ஜ் ஐந்தில் ஒன்று தவறும், ஃபோகஸ் பிளாஸ்ட் பத்தில் மூன்று தவறும். மின்சாரத்தால் முடங்கிய போக்கிமொன் நான்கில் ஒரு முறை அசையாமல் நிற்கும். இவற்றையெல்லாம் நீக்கினால் எஞ்சுவது வேறொரு விளையாட்டு. சதுரங்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் விறாந்தையின் மறுமூலையில் விளையாடுகிறோம்.

ஆகவே "அதிர்ஷ்டத்தை நம்பும் உத்தி" என்ற சொற்றொடரை விதியில் எழுத முடியாது. எழுதினால் முதல் ஆட்டத்திலேயே ஒருவர் கையை உயர்த்தி, எதிரியை முடக்கும் தண்டர் வேவும் அதற்குள் அடங்குமா என்று கேட்பார், நியாயமாகவே கேட்பார்.

ஓகஸ்ட் 12, சற்றுப் பின்னர்

கிரிட் பற்றி எழுதியது பழைய கணக்கு. ஏழாம் தலைமுறையிலிருந்து அது இருபத்துநான்கில் ஒன்று. குழப்பத்தில் தன்னையே அடித்துக்கொள்வதும் அதே தலைமுறையில் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. விளையாட்டை உருவாக்குபவர்களே அதிர்ஷ்டத்தின் கடிவாளத்தை இறுக்கி வருகிறார்கள் என்பதற்கு இவை சான்றுகள். மூடி என்ற இயல்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஏதாவது ஒரு திறனை இரண்டு படி ஏற்றி, வேறொன்றை ஒரு படி இறக்கும். முன்பு தப்பும் திறனும் அந்தக் குலுக்கலுக்குள் இருந்தது. எட்டாம் தலைமுறையில் அதை வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 15

நேற்றுப் பின்னேரம் கச்சான் காற்று ஓயாமல் வீசியது. அப்பாவும் அவருடைய மூன்று நண்பர்களும் விறாந்தையில் கடுதாசிகள் பறக்காமல் கற்களை வைத்துக்கொண்டு 304 விளையாடினார்கள். நான் தேநீர் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன். அது முப்பத்திரண்டு கடுதாசிகளைக் கலைத்துப் பகிரும் விளையாட்டு. யாருக்கு எது விழும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். இருந்தும் அப்பாவின் கூட்டணி வெல்வதைத்தான் நான் சிறுவயது முதல் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று நேற்றுத்தான் யோசித்தேன். முதல் நான்கு கடுதாசிகள் கையில் விழுந்த பின்புதான் கேள்வி (ஏலம்) கேட்கிறார்கள், துரும்பை முடிவு செய்கிறார்கள். அங்கே அதிர்ஷ்டம் முதலில் வருகிறது, தீர்மானம் அதன் பின் வருகிறது. கெட்ட கை விழுந்தால் கேளாமல் ஒதுங்கலாம். நல்ல கை விழுந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அறிவு சொல்ல வேண்டும்.

மினிமைசில் இது தலைகீழாக இருக்கிறது. நீர் எல்லாவற்றையும் தீர்மானித்து, சரியான போக்கிமொனை இறக்கி, சரியான தாக்குதலைத் தெரிந்த பின்பு குலுக்கல் நடக்கிறது. தீர்மானத்தை விழுங்கும் அதிர்ஷ்டம் தடை, தீர்மானத்துக்கு முந்திய அதிர்ஷ்டம் அனுமதி என்று விதி எழுதிவிடலாம் என்று படுக்கும்போது நினைத்தேன்.

காலையில் அது நிற்கவில்லை. ஸ்டோன் எட்ஜ் தவறுவதும் தீர்மானத்துக்குப் பின் வரும் அதிர்ஷ்டம்தான். அதைப் பற்றி எவரும் முறையிடுவதில்லை. காரணம், தவறக்கூடியது என்று அறிந்து, அதன் வலுவுக்காக அந்த ஆபத்தைத் தன் தலையில் தானே ஏற்றுக்கொண்டவர்தான் தவறும்போது துன்பப்படுகிறார். மினிமைஸ் போடுபவர் ஆபத்தை அடுத்தவர் தலையில் ஏற்றுகிறார். இந்த வேறுபாடு 304 தந்ததைவிடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இன்று பரிசோதனை. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பேருந்தில் மூவர். எந்தத் தடையும் இல்லை, எல்லாமே அனுமதி என்று முன்கூட்டியே அறிவித்து, ஷோடவுன் என்ற இணைய ஆட்டத் தளத்தில் தடை விதிகளை நீக்கிவிட்டேன். மினிமைஸ் வாரிச் சுருட்டும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை.

பிள்ளைகள் ஆயத்தமாக வந்திருந்தார்கள். ஒருவர் ஏற்றங்கள் அனைத்தையும் அழிக்கும் ஹேஸ் கொண்டு வந்தார். இன்னொருவர் எதிரியை விரட்டி உள்ளே அனுப்பும் ரோர் கொண்டு வந்தார். மூன்றாமவரின் கிளியர் ஸ்மோக் குறி பார்க்கத் தேவையே இல்லாதது. ஏற்றங்களைக் கண்டுகொள்ளாத அன்அவேர் இயல்புடைய குவாக்சயர் இரண்டு அணிகளில் இருந்தது. மினிமைஸ் போட்டவரை பாடி ஸ்லாம் தவறாமல் இரு மடங்கு சேதத்தோடு அடிக்கும் என்பதைக்கூட ஒரு சிறுவர் அறிந்திருந்தார். மினிமைஸ் கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள்.

அப்படியானால் தடை தேவையில்லையா? ஆட்டங்கள் முடிந்தபின் அணிகளைத் திரும்பப் பார்த்தேன். எல்லா அணிகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வொருவரும் ஆறில் ஓர் இடத்தை அல்லது நான்கு மூவ்களில் ஒன்றை மினிமைசுக்கு மருந்தாக ஒதுக்கியிருந்தார்கள். கடந்த மாதம் தனக்குப் பிடித்த வண்டுகளை மட்டும் கொண்டு விளையாடிய பிள்ளை இன்று அந்த வண்டுகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தது. மினிமைசைத் தடுக்க முடியும். ஆனால் தடுப்பதற்காக எல்லோரும் கட்டும் வரி மிக அதிகமாக இருக்கிறது, அந்த வரி வேறு எதற்கும் பயன்படுவதில்லை.

ஓகஸ்ட் 18

குவாக்சயர் வேறு பலவற்றுக்கும் பயன்படும் என்று நேற்று வந்தவர்களில் ஒருவர் எனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். உண்மைதான், "வேறு எதற்கும்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓகஸ்ட் 24

உத்தியோகபூர்வப் போட்டிகளில் டபுள் டீமுக்குத் தடை இல்லையே, உலகப் போட்டியில் எவரும் அழவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, விரிவான பதில் வேண்டும்.

அங்கே ஆட்டம் இரட்டையர் முறையில் நடக்கிறது. ஆறில் நான்கைத் தெரிந்து, இரண்டிரண்டாக இறக்குகிறார்கள். ஓர் ஆட்டம் சில முறைகளில் முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் ஒரு முறையை டபுள் டீமுக்குச் செலவிடுபவர் எதிரியின் இரண்டு போக்கிமொன்களிடமும் ஓர் அடி வீதம் வாங்குகிறார். அதுதான் அங்கே அதன் விலை. நாம் விளையாடுவது ஆறுக்கு ஆறு ஒற்றையர். இங்கே பிளிசி சாஃப்ட்-பாயிலால் பாதி உயிரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நேரம் தன் பக்கம் என்று உட்கார்ந்திருக்கும். ஒரே மூவ் ஓர் அரங்கில் விலை கூடியதாகவும் இன்னோர் அரங்கில் ஏறத்தாழ இலவசமாகவும் இருக்கிறது. ஸ்மோகன் என்ற ரசிகர்களின் இணையச் சமூகம் ஒற்றையர் ஆட்டத்தில் தப்பும் திறனை ஏற்றும் மூவ்களைத் தடுத்திருப்பதும், உத்தியோகபூர்வ விதி தடுக்காமல் விட்டிருப்பதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

அதிர்ஷ்டம் நிறைந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமில்லை என்று என்னுடைய முதல் குறிப்பு ஒலித்தது. அதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது: ரே ரிசோ 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். அந்தக் காலத்தில் கிரிட் பதினாறில் ஒன்றாகவும் இரு மடங்கு சேதம் தருவதாகவும் இருந்தது. குலுக்கல் மட்டும் ஆட்சி செய்யும் விளையாட்டில் ஒரே மனிதர் மூன்று தடவை மேலே நிற்க முடியாது. 2014இல் செஜுன் பார்க் பச்சிரிசு என்ற சிறிய அணிலை வைத்து வென்றதையும் பலர் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறார்கள். அந்த அணில் ஃபாலோ மீ மூலம் அடிகளைத் தன் பக்கம் இழுத்துத் துணையைக் காப்பாற்றியது. அது திட்டமிட்டுச் செய்த வேலை.

தடைக்குப் பதிலாக ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டலாமா என்றும் கணக்கிட்டேன். ஓர் ஆட்டத்தில் திறமையானவர் வெல்லும் வாய்ப்பு 60 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்ற முறையில் அது 64.8 வீதமாகிறது, ஐந்தில் மூன்று என்றால் ஏறத்தாழ 68.3. கிடைப்பது குறைவு, செலவாகும் நேரம் அதிகம். பிளிசி இருக்கும் ஆட்டம் ஒன்றே ஒரு மணித்தியாலம் இழுக்கும். கிண்ணியாப் பிள்ளைகள் இருட்டுமுன் பேருந்து பிடிக்க வேண்டும். இறுதிச்சுற்றுக்கு மட்டும் மூன்று ஆட்டம் வைக்கலாம்.

ஓகஸ்ட் 24, இரவு

ஆட்டத்துக்கு வெளியே இருந்து வரும் அதிர்ஷ்டத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். இவ்வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, இங்கே வீட்டு இணையமும் நின்று, நேரக்கணிப்பு ஓடி ஒரு பிள்ளைக்குத் தோல்வி எழுதப்பட்டது. அன்று இருவரும் பேசி அந்த ஆட்டத்தைத் திரும்ப விளையாடினார்கள். மின்தடைக்குத் திரும்ப ஆட்டம் என்பதை டிசம்பர் விதியில் எழுதிவிடுவேன்.

ஓகஸ்ட் 29

குயிக் கிளோவைத் தடையிலிருந்து நீக்குகிறேன். பக்கத்து வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். தோற்றுத் தோற்றுச் சலித்து, இனி வரமாட்டேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை என்னோடு ஆடிய ஆட்டத்தில் அவருடைய மெதுவான ஸ்னோர்லாக்ஸ் குயிக் கிளோவினால் எனக்கு முந்தி அடித்து என்னை வீழ்த்தியது. அவர் கதிரையில் ஏறி நின்று கத்தியதை வீதி முழுவதும் கேட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கே படலையில் நின்றார். கரம் பலகையில் அவர் என்னை ஒருநாளும் வெல்லப்போவதில்லை, அதனால் கரம் விளையாட அவர் கேட்பதும் இல்லை.

இந்த மகிழ்ச்சிக்காக மட்டும் நீக்கவில்லை. குயிக் கிளோ ஐந்தில் ஒரு தடவை மட்டுமே வேலை செய்கிறது, அதற்காக லெஃப்டோவர்ஸ் போன்ற நிச்சயமான பொருளைக் கைவிட வேண்டியிருக்கிறது. அவர் விலை கொடுத்திருந்தார். நானும் அது வரக்கூடும் என்று எண்ணி அடியைத் தடுக்கும் புரொடெக்டை வைத்திருக்கலாம்.

கிங்ஸ் ராக்கை நீக்கமாட்டேன். பத்தில் ஒன்று என்பது சிறியதாகத் தோன்றும். ஸ்கில் லிங்க் கொண்ட கிளோயிஸ்டர் ஒரே முறையில் ஐந்து தடவை அடிக்கிறது. அந்த ஐந்து அடிகளில் ஒன்றிலாவது எதிரி அதிர்ந்து நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 41 வீதம். அங்கே சிறிய எண் வேடம் போட்டிருக்கிறது.

செப்டெம்பர் 2

மிகக் கடினமான வழக்கு ஜிராச்சி. அதன் செரீன் கிரேஸ் இயல்பு அயர்ன் ஹெட்டின் 30 வீத அதிர்ச்சியை 60 ஆக்குகிறது. அதற்கு முன் எதிரியை முடக்கிவிட்டால், அவருடைய போக்கிமொன் ஒரு முறையில் அசையும் வாய்ப்பு 0.4 × 0.75, அதாவது 30 வீதம். உச்சிக்குப் போன மினிமைஸை எதிர்த்துக் குறி படும் வாய்ப்பான 33 வீதத்தைவிட இது மோசம். எண்ணை மட்டும் பார்த்தால் ஜிராச்சியை முதலில் தடை செய்ய வேண்டும். யார் தலையில் ஆபத்து என்ற என்னுடைய ஓகஸ்ட் 15 அளவுகோலும் அதையே சொல்கிறது.

ஆனாலும் தடை செய்ய மனம் ஒப்பவில்லை. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். தண்டர் வேவ் நில வகையைத் தொடாது. அயர்ன் ஹெட்டின் வலு நெருப்பு, நீர், மின்சாரம், உருக்கு ஆகிய வகைகளிடம் பாதியாகிறது. ஜிராச்சியைவிட வேகமானவர் அதிர மாட்டார். நில வகையும் நெருப்பும் உருக்கும் இல்லாத அணியை எவர் கட்டுகிறார்? இவை வேறு காரணங்களுக்காக நாம் எப்படியும் கொண்டு வருபவை. மினிமைசுக்கான ஹேஸும் கிளியர் ஸ்மோக்கும் பெரும்பாலான அணிகளில் அதற்காக மட்டுமே வந்து உட்காருபவை. எண்களில் தேடிய வேறுபாடு இங்கேதான் இருந்தது. எதிரி எப்படியும் வைத்திருக்கும் பொருள்களால் பதில் சொல்லக்கூடிய உத்தியை விட்டுவிடலாம். அதற்கென்றே தனியாக மருந்து சுமக்க வைக்கும் உத்தியைத் தடுக்கலாம். ஓகஸ்ட் 17இல் பிள்ளைகளின் அணிகள் எனக்கு இதைத்தான் காட்டியிருக்கின்றன. அன்று எனக்கு அது முழுதாக விளங்கவில்லை.

செப்டெம்பர் 4

இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் ஃபிஷர் தப்பிவிடுகிறதே என்று கேள்வி எழுதிய தம்பி உடனே கண்டுபிடித்துவிட்டார். பறக்கும் வகையை ஃபிஷர் தொடாது. பறப்பவர் ஒருவர் ஏறத்தாழ எல்லா அணியிலும் இருப்பார். ஸ்டர்டி இயல்பு எல்லா ஒரேயடி மூவ்களையும் நிறுத்தும். அடிப்பவர் பத்தில் ஏழு தடவை தன் முறையை வீணாக்குகிறார். எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: மூன்று தடவை அடிக்க இடம் கிடைத்தால் ஒன்றாவது படும் வாய்ப்பு 65.7 வீதம். ஃபிஷர் போடும் டிங்-லூவைப் போல அடி தாங்கும் ஒன்று மூன்று முறை நிற்பது அரிதன்று. ஷீர் கோல்ட் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை: பனி வகையும் ஸ்டர்டியும் தவிர அதற்குப் பதில் இல்லை, ஆகவே தடை. ஃபிஷரைப் பற்றி மட்டும் என்னால் இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

விதித்தாளை விறாந்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். டபுள் டீம், மினிமைஸ், சுவாகர், ஷீர் கோல்ட், கிங்ஸ் ராக், பிரைட் பவுடர் தடை. ஹார்ன் டிரிலும் கில்லட்டினும் ஆவி வகையிடம் செல்லாதவை என்பதால் ஃபிஷரோடு சேர்த்தே தீர்மானிக்கப்படும். குயிக் கிளோ, ஜிராச்சி, முடக்கம் அனைத்தும் அனுமதி. இறுதிச்சுற்று மூன்று ஆட்டம். மின்தடைக்குத் திரும்ப ஆட்டம்.

ஃபிஷர் வரியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அதற்கென்றே எட்டு ஆட்டங்கள். தம்பி, அன்று நீர் டிங்-லூவைக் கொண்டு வாரும், நான் பறக்கும் வகையும் ஸ்டர்டியும் உள்ள ஸ்கார்மோரியோடு இருப்பேன்.